டயர் வாசனைப் புளி

மாமியார் வீட்டில் ஒரு மாப்பிள்ளை வாயைத் திறக்க வேண்டியது சாப்பிடுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும் மட்டும்தான். நான் மூன்றாவதாக ஒரு காரணத்துக்காகத் திறந்தேன். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. ஆலங்காயத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன் (இப்போதும் அதே கடைதான், போர்டு மட்டும் பெரிதாகியிருக்கிறது). எங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியதுதான் என்றாலும், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அடிவாரத்தில். பெண் எடுத்தது மட்டும் மேலே. என் மனைவி செல்வியின் ஊர் ஜமுனாமரத்தூரைத் தாண்டி, பஸ் மூச்சு வாங்கி நிற்கிற ஒரு திருப்பத்திலிருந்து இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மாமனாருக்குச் சாமை போடுகிற நிலமும், அதைச் சுற்றிப் புளியமரங்களும் உண்டு.

மாமனார் அதிகம் பேச மாட்டார். கல்யாணத்தன்று என்னிடம் "வாங்க" என்று சொன்னார். அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து "போய்ட்டு வாங்க" என்றார். இடையில் வேறு ஏதும் சொன்னதாக நினைவில்லை. அத்தை அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

அந்த முதல் புளி சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வியும் மலைக்குப் போனோம். வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் அத்தையும் பக்கத்து வீட்டு ராணி அக்காவும் இன்னும் சில பெண்களும் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடு நீக்கிய பழத்தைத் தட்டைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. சதை மலர்ந்து, கொட்டை துள்ளிக்கொண்டு வெளியே வரும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். நாள் முழுக்க, வாரக்கணக்கில், அதையே செய்கிறவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

அத்தையின் சுத்தியல், பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி யாரோ அடித்துக் கொடுத்தது. அதைத் தூக்கினால் தரை கூடவே வந்துவிடுமோ என்று தோன்றும். அன்று மத்தியானம் அத்தை எனக்குச் சோறு பரிமாற வந்தார். குழம்புக் கரண்டியை வலது கையில் எடுத்தவர், பாதியில் முகத்தைச் சுளித்து இடது கைக்கு மாற்றினார். குழம்பு இலையில் விழாமல் என் மடியில் விழுந்தது.

"ஐயோ மாப்ள! மன்னிச்சிக்குங்க. தோள்பட்ட புடிச்சிக்கிச்சி. கைய மேல தூக்க முடியல."

"இன்னா அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேன். ஊசி போட்டாங்க. கைக்கு ஓய்வு குடுன்னாங்க. புளிக்கு யாரு ஓய்வு குடுக்கறது?"

எனக்கு மனசு உருகிவிட்டது. (பசியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் மனிதன் பெரிய பெரிய வாக்குறுதிகள் கொடுத்துவிடுகிறான்.) "அத்தை, கவலப்படாதீங்க. ஒடம்புக்கு நோவாத மாதிரி லேசான சுத்தி ஒண்ணு நான் வாங்கியாறேன்" என்றேன்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம்தான். என் வாழ்நாளில் நான் தூக்கிய மிகக் கனமான கருவி சால்டரிங் அயர்ன். வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தபோது அம்மிக் குழவியைத் தேடியவன் நான்.

ஆனால் என்னிடம் செல்போன் இருந்தது. ஆலங்காயம் திரும்பியதும் சுத்தியல் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைக்காரர் விதவிதமான சுத்தியல்களை மேஜை மேல் பரப்பிவைத்து ஒவ்வொன்றையும் குழந்தையைப் போல ஏந்திப் பேசினார். எனக்குப் புரிந்த ஆங்கிலத்தில், கை வலிக்கு எடை மட்டும் காரணமில்லை, ஒவ்வொரு அடியின் அதிர்வும் கைக்குள் ஏறுவதுதான் காரணம் என்றார். மீதி வீடியோவையும் பார்த்திருக்க வேண்டும். அதிர்வு என்ற வார்த்தை கிடைத்ததுமே நான் நிபுணனாகிவிட்டேன்.

அடுத்த நாள் ஹார்டுவேர் கடைக்குப் போய், "இருக்கறதுலயே லேசான, அதிர்வே இல்லாத சுத்தி குடுங்க" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "இன்னா வேலைக்கு?"

சொல்லியிருக்கலாம். "புளி தட்ட" என்று இரண்டே வார்த்தை. ஆனால் வேலையைச் சொல்லிக் கருவி கேட்பது விவரம் தெரியாதவன் செய்கிற காரியம் என்று அப்போது நினைத்தேன். "பொதுவா" என்றேன்.

அவர் வரிசையாக எடுத்து வைத்தார். ஆணி பிடுங்குகிற கொம்பு வைத்தது, கொத்தனார் சுத்தி, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருந்த சின்னது. ஒவ்வொன்றையும் சுண்டு விரலில் தொங்கவிட்டுப் பார்த்து ஒதுக்கினேன். கடைசியில் என் கண்ணில் பட்டது அது. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வைத்துத் தட்டுகிற ரப்பர் சுத்தி. கருகருவென்று, கொழுகொழுவென்று இருந்தது. கடை மேஜையில் ஓங்கித் தட்டிப் பார்த்தேன். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை! என்ன அதிர்வு, ஏது அதிர்வு! வெள்ளைக்காரரே கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில், அத்தைக்கு மட்டுமில்லாமல் வட்டத்தில் உட்கார்ந்த எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

"டைல்ஸ் கான்ட்ராக்ட் எடுத்துக்கீறீங்களா?" என்றார் கடைக்காரர்.

நான் மர்மமாகப் புன்னகைத்தேன்.

அந்த வாரமே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மறுபடி மலைக்குப் போனோம். பஸ்ஸில் பை முழுக்கச் சுத்தியல்களை மடியில் வைத்துக்கொண்டு, நான் அந்த ஊருக்கே விடிவு கொண்டு போகிறவன் போல உட்கார்ந்திருந்தேன். செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னாங்க இது, இப்டி நாத்தம் அடிக்குது?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். புதுப் பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

வேப்பமரத்தடியில் என் வெளியீட்டு விழா நடந்தது. பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமனார் மாட்டைக் கட்டிவிட்டு வந்து நின்றார். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதிர்வைப் பற்றி ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு ஒரு பழத்தைக் கல்லில் வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம். புளி தட்டுகிறவர்கள் சுத்தியலை ஒரு சாணுக்கு மேல் தூக்குவதில்லை. எனக்கு அது தெரியும், பார்த்திருக்கிறேன். ஆனாலும் கூட்டத்தின் முன் ஒரு சாண் தூக்குவது என் பேச்சுக்குப் பொருத்தமாகப் படவில்லை. தலைக்கு மேல் தூக்கினேன். "பாருங்க!" என்று சொல்லி முழு பலத்தோடு இறக்கினேன்.

ரப்பர் கல்லில் பட்டது. பட்ட வேகத்தில் கிளம்பியது. நேராக என் நெற்றிக்கு வந்து சேர்ந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு வேப்பமரம் இரண்டாகத் தெரிந்தது. "ஐயோ மாப்ள!" என்று அத்தை அலறியதும், ராணி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் ஓடியதும் ஞாபகமிருக்கிறது. மாமனார் குனிந்து கல்லைப் பார்த்தார். பழம் அப்படியே இருந்தது. என் நெற்றியைப் பார்த்தார். அங்கே கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது.

"சுத்தி நல்லா வேல செய்யுது" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து நெற்றி முழுக்கப் பத்துப் போட்டு, என்னை உள்ளே படுக்க வைத்தார்கள். செக்கச்செவேல் என்ற நெற்றியோடு படுத்திருந்த என் காதில் வெளியிலிருந்து ஒரு சத்தம் விழுந்தது. 'டக் டக்' இல்லை. 'பொத் பொத்' என்று மெத்தென்ற சத்தம். என் சுத்தியல்கள்! பயன்படுத்துகிறார்கள்! நெற்றி வலி பறந்துவிட்டது. அன்றும் மறுநாளும் அந்தச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டபடி தூங்கினேன்.

வெளியில் என்ன நடந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். "மாப்ள ஆசையா வாங்கியாந்துகீறாரு. அவரு இருக்கற வரிக்கும் இதுலயே தட்டுங்கடி" என்று அத்தை உத்தரவு போட்டிருக்கிறார். யாருக்கும் தட்ட மனமில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. மரியாதைக்காக ஒரு தெருவே இரண்டு நாள் ரப்பரால் புளியை அடித்தது.

மூன்றாம் நாள் ஜமுனாமரத்தூரில் சந்தை. தட்டிய புளியை மூட்டை கட்டிக்கொண்டு மாமனார் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். செல்வியின் அத்தை பையன் கல்யாணம் அடுத்த மாதம். அந்தப் புளியை விற்றுத்தான் முறைக்குச் செய்ய வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சுத்தியலில் தட்டிய புளி எப்படி விலை போகிறது என்று கண்ணால் பார்க்க எனக்கு ஆசை.

வியாபாரி மூட்டையைப் பிரித்தார். முதலில் என் சிவந்த நெற்றியைப் பார்த்தார். "இன்னா, மாப்ள கோயிலுக்குப் போய்ட்டு வர்றாரா?" என்றபடி ஒரு கை புளியை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். நின்றார். திரும்பவும் முகர்ந்தார். விரித்துப் பார்த்தார். நல்ல செம்பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டிய புளியில் அங்கங்கே கறுப்பாகத் தீற்றியிருந்தது.

"இன்னாபா இது? புளிய எங்க வெச்சிருந்த? பஞ்சர் கடையிலயா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் செல்வி சொன்ன அதே நாற்றம். உண்மையைச் சொல்வதற்காக மாமனார் வாயைத் திறப்பார், சந்தைக்கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று காத்திருந்தேன்.

மாமனார் வானத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்: "இந்த வருசம் அப்டித்தான் காச்சிது."

வியாபாரிக்குக் கண் பிதுங்கியது. "மரத்துலயே டயரு காச்சிதா?"

"மழ சரியில்ல" என்றார் மாமனார்.

மழையால் டயர் காய்க்கும் என்பதை வியாபாரி ஏற்கவில்லை. மூட்டையைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வியாபாரியும், அதற்கடுத்தவரும் அப்படியே. நாங்கள் மூட்டையோடு திரும்பி பஸ் ஏறினோம்.

அவமானம் அதோடு முடியவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்பக்கம் வந்தார். "யாருபா டயர் ஏத்துனது? டயருக்கு லக்கேஜ் போடணும்!"

அவர் சீட்டுக்கடியில் எல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து எங்கள் மூட்டையருகில் நின்றார். "இதுல இன்னா?"

"புளி" என்றேன்.

"புளியா? யாருகிட்ட கத வுடற? ட்யூப்பா, டயரா, அதச் சொல்லு."

நடு பஸ்ஸில் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. முன் சீட்டிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கண்டக்டர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, மென்று, மிகவும் குழம்பிப்போய், "புளிதான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மாமனார் வழிநெடுக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனால், வாசலில் செல்வி அத்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் தயங்கி நின்றேன். அத்தை என்னைப் பார்த்ததும் எழுந்து, "காப்பித் தண்ணி வெக்கறேன் மாப்ள" என்று உள்ளே போனார்.

செல்வி சீப்பிலிருந்த முடியைச் சுருட்டியபடி மெதுவாகச் சொன்னாள்: "அம்மாவால தலைக்குக் கைய கொண்டுபோக முடியல. அந்தச் சுத்தியில ரெண்டு அடி அடிக்கற எடத்துல ஏழெட்டு அடி அடிச்சாத்தான் கொட்ட வருது. நேத்தெல்லாம் அடிச்சிது."

"அப்றம் ஏன் அடிச்சாங்க?"

"நீங்க வாங்கியாந்தீங்க இல்ல, அதான்."

நெற்றியில் பட்ட அடி அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கை வலிக்கு மருந்து என்று நான் கொண்டுவந்தது வலியைக் கூட்டியிருக்கிறது. என் மனம் நோகக் கூடாது என்று அவர் தன் தோளை நோகவிட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அத்தையின் பழைய லாரிப்பட்டைச் சுத்தியலை எடுத்து, மீதியிருந்த புளியைத் தட்ட ஆரம்பித்தேன். வீரம் டீ வருகிற வரைக்கும் தாங்கியது. டீ டம்ளரைப் பிடிக்க விரல்கள் மடங்க மறுத்தன. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து என்று வலி பஸ் ரூட் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பாக ஏறி வந்தது. ராணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே, "இன்னா மாப்ள, அதிர்வு வருதா?" என்று விசாரித்தார்.

வந்தது. நன்றாகவே வந்தது. கூடவே வேறு சிலதும் தெரிய வந்தன. சுத்தியலின் தலை கனமாக இருந்தது பாதி தொல்லைதான். கைப்பிடி குச்சி மாதிரி மெலிந்திருந்ததால், நழுவாமலிருக்க விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கைப்பிடி குட்டையாகவும் இருந்ததால் ஒவ்வொரு அடிக்கும் தோளே இறங்கி வர வேண்டியிருந்தது. இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "நானும் அதான் நெனச்சேன், ஆனா சுத்தின்னா இப்டித்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார்.

"வாங்க அத்தை, ஆலங்காயம் போவலாம். இந்த வாட்டி உங்க கையில புடிச்சிப் பாத்து வாங்கலாம்."

அத்தை ஒரு மஞ்சள் பை நிறையப் புளியோடு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "துணி எடுக்கப் போனா ஒடம்புல வெச்சிப் பாக்க மாட்டாங்களா?" என்றார். ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உற்சாகமாக, "வாங்க கான்ட்ராக்டர்!" என்றார். அவர் வாய் மூடுவதற்குள் அத்தை கடையின் கருங்கல் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்து, மேலே ஒரு புளியை வைத்துவிட்டார்.

"ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க மாப்ள."

"அம்மா, இது கடைமா!" என்று கடைக்காரர் பதறினார்.

"உங்க கடையத்தான் தேடி வந்தோம்பா."

நான் கொடுக்கக் கொடுக்க அத்தை தட்டிப் பார்த்தார். கொம்பு வைத்தது முன்பக்கம் சாய்கிறது. கொத்தனார் சுத்தி புளியை இரண்டாக வெட்டுகிறது. அன்று நான் சுண்டு விரலில் தொங்கவிட்டு ஒதுக்கிய, ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமான அந்தச் சின்னச் சுத்தியலுக்கு வந்ததும் அத்தையின் கை வேகம் பிடித்தது. 'டக் டக்'. கொட்டை துள்ளிப் போய் கல்லாப்பெட்டியில் விழுந்தது. தலை சின்னது, கைப்பிடி நீளம். தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் ஆடியது. அதே மாதிரி இன்னொன்றைக் கொஞ்சம் கனமான தலையோடு கொடுத்தேன். அதை வேண்டாம் என்றார். இன்னும் சின்னதையும் வேண்டாம் என்றார். "ரொம்ப லேசா இருந்தா நாம அழுத்தணும் மாப்ள. சுத்தி தானா வுழணும், நாம தூக்கி வுட்டா போதும்."

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெயின்ட் வாங்க வந்தவர், பைப் வாங்க வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு புளியை எடுத்துச் சப்பிக்கொண்டு யோசனை சொன்னார்கள். கைப்பிடி இன்னும் கொஞ்சம் பருமனாக இருந்தால் தேவலை என்றார் அத்தை. கடைக்காரரே (அவர் வாயிலும் புளி) பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றைத் தேடி எடுத்து வந்து கைப்பிடியில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். அத்தை பிடித்துப் பார்த்து, மறுபடி தட்டி, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

ரப்பர் சுத்தியல்களைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் கேட்டேன். முகர்ந்து பார்த்தார். "புளி வாசன வருதே" என்று மறுத்துவிட்டார்.

தோள்வலி ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் அந்தச் சீசன் முடிவதற்குள் அத்தை தன் தலையைத் தானே வாரிக்கொண்டார். மீதிப் புளி நல்லபடியாக விலை போனது, முறைக்கும் செய்தாயிற்று. டயர் வாசனைப் புளியைப் பாறையில் எத்தனை நாள் காயவைத்தும் குழம்புக்கு ஆகவில்லை. ராணி அக்கா வீடு வீடாக அள்ளிக் கொடுத்தார். அந்த வருடம் ஊரில் ஒரு பித்தளைக் குடம், ஒரு குத்துவிளக்கு பாக்கியில்லாமல் அந்தப் புளியில் தேய்பட்டுத் தங்கம் போல மின்னின. எனக்கு 'டயர் மாப்ள' என்ற பெயர் நிலைத்தது. பெயர் பஸ் ரூட்டிலும் பரவியிருக்கிறது. கண்டக்டர்கள் மாறினாலும், மாறுகிறவர் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

போன வருடம் செல்வியின் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. சின்ன மாப்பிள்ளை வாணியம்பாடிக்காரர், நல்ல பிள்ளை, துடிப்பானவர். மறுவீட்டுக்கு வந்தபோது, சாமை புடைத்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அத்தை கஷ்டப்படறீங்க? இதுக்கு நான் ஒரு மெஷின் வாங்கியாறேன்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "தாராளமா வாங்குங்க. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னால பெரிய மாப்ளய ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

இத்தனை வருடத்துக்குப் பிறகு கிடைத்த மரியாதை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"அவரு எது நல்லதுன்னு சொல்றாரோ," என்று மாமனார் முடித்தார், "அத மட்டும் வாங்காதீங்க."

அத்தை முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சின்ன மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, மிகுந்த பணிவோடு கேட்டார்:

"அண்ணே, நீங்க எந்த மெஷின வாங்கச் சொல்றீங்க?"